வஷ்ரான்

ஃப்ரிபூர் நகரசபையில் கேட்டார்கள்:
எங்கள் மாநிலத்தில் செய்கிற சீஸ் இரண்டு சொல்லுங்கள்.
ஒன்று சொன்னேன், குருயேர்.
மற்றது நாக்கு நுனியில் நின்று
இறங்க மாட்டேன் என்றது.
மூக்குக்கண்ணாடிப் பெண் எதையோ எழுதினாள்.
சைபர் எழுத அவ்வளவு நேரம் ஆகாது.

ஷோன்பெர்க் போகும் பஸ்
பாலத்தில் ஏறியபோது ஞாபகம் வந்தது.
வஷ்ரான்.
உரக்கவே சொல்லிவிட்டேன்.
முன் இருக்கை நாய் திரும்பிப் பார்த்தது.

இறங்கி இருநூறு கிராம் வாங்கினேன்,
பழிவாங்குகிறவளைப் போல.

லீக்ஸை நெடுக்காகக் கீறி
மடலுக்குள் ஒளிந்த மண்ணைக் கழுவுகிறேன்.
இந்த ஊர் மண் இவ்வளவு கறுப்பென்று
பதினொரு வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.
அதை யாரும் கேட்கவில்லை.

உறைந்த கீரைக் கட்டி
சட்டியில் சுணங்கிச் சுணங்கி இளகுகிறது.
பிழியப் பிழியப் பச்சைத் தண்ணீர்.
பிழியாமல் விட்டால் எல்லாம் குளம்.
போன முறை அப்படித்தான்,
வாகீசன் கரண்டியால் அள்ளிக் குடித்துவிட்டு
சூப் நல்லா இருக்கு என்றான்.

உள்ளி நாலு பல்லு.
பச்சை மிளகாய் ஒன்று. இல்லை, இரண்டு.
கரண்டி நிமிர்ந்து நிற்கும் தடிப்பில் கிரீம்.
வஷ்ரானைத் துருவ முடியாது;
துருவியின் பல்லைப் பிடித்துக்கொண்டு
விசாரணைக்கு ஒத்துழைக்க மறுக்கிறது.
கையால் பிய்த்துப் போட்டேன்.
முதலில் ஈரச் சப்பாத்து மணம்,
பிறகு பால்,
பிறகு சொல்லத் தெரியாத ஒன்று.

போறணை இருநூறு பாகையில்.
கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு.
முன்னால் குந்தியிருந்து
காலைப் பதில்களைத் திரும்பத் திருத்தினேன்.
அரசாங்கத்தில் எத்தனை பேர்? ஏழு. சரி.
ஆறு? சரீன். சரி.
குப்பை எந்தெந்த நாள்? மிகச் சரி.
பக்கத்து வீட்டில் யார்?
மதாம் கிரேமோ, என்றேன்.
முதற்பெயர்?
தபால்பெட்டியில் ஒரு வட்டமும் ஒரு புள்ளியும்தான் இருக்கிறது.
ஒன்பது வருஷமாக அந்த வட்டத்தைக் கடந்து
கடிதம் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

திருத்தியதில் நேரம் போயிற்று.
ஓரத்தில் தொடங்கிய குமிழி நடுவுக்கு வந்து
பொன்னாகி, மண்ணிறமாகி,
ஓரம் கறுத்தே விட்டது.
போறணையைத் திறந்தேன், புகை.
கூரையில் எச்சரிக்கைக் கருவி வீரிட்டது.
கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கிக்கொண்டிருக்க
வாசல் மணியும் அடித்தது.

வீட்டுச் செருப்போடு அவர்.
கையில் நனைத்த துணி, முகத்தில் ஒரு தீயணைப்புப் படை.
உள்ளே வந்து மூக்கை நிமிர்த்தினார்.
வஷ்ரானா, என்றார்.

காலை ஒன்பதரைக்குத் தேவைப்பட்ட சொல்
மாலை ஆறரைக்கு வாசலில்.

கருகிய ஓரத்தைச் சுரண்டி எறியப் போனேன்.
கையைப் பிடித்தார்.
இதற்கு இங்கே கன்னியாஸ்திரி என்று பெயர்.
அடியில் பிடித்தது, ஓரத்தில் முறுகியது,
இதற்குத்தான் எங்கள் வீட்டில் அடிபிடி.
கத்தி முனையால் நெம்பி எடுத்து
இரண்டாக உடைத்தார்.
சரிபாதி இல்லை. பெரியது அவருக்கு.

பாண் துண்டால் நடுவைத் தோண்டினோம்.
சீஸ் இழை நீண்டு
அவர் விரலுக்கும் சட்டிக்கும் இடையில் தொய்ந்து
மேசைவிரிப்பில் விழுந்தது.
மன்னிப்புக் கேட்காமல் வழித்துத் தின்றார்.
மிளகாய் கடிபட்டுக் கண் கலங்கியது.
தண்ணீர் நீட்டினேன்.
தண்ணீர் வேண்டாம், பாண் தா.

கேட்டேன்.
ஓடீல், என்றார். ஏன்?

பரீட்சைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.
வாய் நிறையச் சீஸ் இருந்ததும் வசதியாய்ப் போயிற்று.

வாகீசன் எட்டரைக்கு வந்தான்.
வழித்தால் ஒரு கரண்டி தேறும்,
அதிலும் லீக்ஸ்தான் அதிகம்.
நின்றபடியே தின்றான்.
பாஸா, என்று கேட்டான்.

கடிதம் வர மூன்று மாதம் ஆகுமாம்.
சட்டியைச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டேன்.