பக்கம் நாற்பத்தேழு

முதல் புத்தகம் முந்நூறு பிரதி.
நாற்பத்தொன்று விற்றது.
மிச்சம் கட்டிலுக்கடியில்.
கட்டிலின் கால் ஒடிந்த குளிர்காலத்தில்
அவைதான் முட்டுக்கொடுத்தன.
"என் கலை என்னைத் தாங்கியது"
என்று பேட்டிகளில் சொல்வேன்.
யாரும் சிரித்ததில்லை.

இரண்டாவது, லியபாயா மீன் ஆலை.
தகர டப்பாவுக்குள்
புகையூட்டிய மீனைத் தலைமாற்றி அடுக்கும்
பெண்களின் கைகள் மட்டும்.
அச்சில் பச்சை தூக்கிவிட்டது.
மூன்று நாள் தண்ணீரில் ஊறிய கைகள் போல இருந்தன.
நான் அழுதேன்.
ஆலைப் பெண்கள் புரட்டிப் பார்த்துவிட்டு
"சரியாகத்தானே வந்திருக்கிறது" என்றார்கள்.

மூன்றாவதற்குத் தங்கப் பல்லை விற்றேன்.
இப்போதும் யோசிக்கும்போது
நாக்கு அந்த இடத்துக்குப் போகும்.

எங்கள் ஊருக்கு ஒரே டிராம் பாதை.
ஒரு பனிக்காலம் முழுக்க அதிலேயே போய்வந்து எடுத்தது.
நாற்பத்தேழாம் பக்கத்தில்
கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் திறந்து
தூங்கும் ஒருவன்.
நாற்பத்தொன்பதில் வெறும் கடல்.

வெளியான மறுமாதம் கதவு தட்டியவன் அவன்தான்.
எவால்ட்ஸ் க்ரூமின்ஷ்,
மூடிப்போன கப்பல் பட்டறையின் பொருத்துநர்.
"காலை எட்டிலிருந்து நாலு வரை
வேலையில் இருப்பதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.
மனைவி உங்கள் புத்தகத்தைக்
கடை ஜன்னலில் பார்த்துவிட்டாள்."

சட்டம் என் பக்கம்தான். விசாரித்திருந்தேன்.
ஆனால் அவன் முகம் கொடுத்துப் பேசினான்.
முகதாட்சண்யம் என்பது
எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

விற்காதவை முந்நூற்று அறுபத்திரண்டு.
சமையல் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து
இரண்டு இரவு வெட்டினோம்.
எனக்கு வட்டமாக வந்தது, அவனுக்குச் சதுரமாக.
பின்பக்கத்தில் ஒரு நாய்.
அதன் வயிற்றிலும் ஓட்டை விழுந்தது.
நாய் புகார் சொல்லவில்லை.
முகங்களைச் செருப்புப் பெட்டியில் போட்டு
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.

தூங்குபவனின் தலையிருந்த இடத்தில் இப்போது
அடுத்த பக்கத்துக் கடல்.

பாரிஸில் ஒருவர் அதைப் பற்றி நான்கு பத்தி எழுதினார்.
"இன்மையின் இலக்கணம்" என்றார்.
பிறகு விமானச் சீட்டு, விருது, வெள்ளை ஒயின்.
அதற்கப்புறம் ஆறு புத்தகம் போட்டேன்.
ஓட்டை எங்கே என்று கேட்கிறார்கள்.

சேகரிப்பவர்களுக்குச் சதுரம்தான் உசத்தி,
வட்டத்தைப்போல் இரண்டு மடங்கு.

போன நவம்பரில் மறுபடி வந்தான்.
இடது காது கேட்பதில்லை.
"சதுரத்துக்கு விலை அதிகமாமே?"
உட்காராமலே கேட்டான்.
"முகத்துக்குக் காசு வேண்டாம்.
வெட்டுக்கூலி கொடு.
நூற்றுத் தொண்ணூறு என் கை."

எண்ணிக் கொடுத்தேன்.
இரண்டு தாளை விரலால் தேய்த்துப் பார்த்து வாங்கினான்.
பிறகு நான்,
வெட்டாமல் வைத்திருந்த ஒரே பிரதியை
ஏன் எடுத்து நீட்டினேன் என்று தெரியவில்லை.

வெகுநேரம் பார்த்தான்.
"நான் தூங்கவில்லை, தெரியுமா?"
"தெரியாது."
"மூன்று தடவை சத்தம் கேட்டது.
மூன்றாவதற்குத்தான்
வாயைத் திறந்தேன்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
நாக்கு அந்த இடத்துக்குப் போனது.