தானே ஏறும் எண்

சொஹார் துறைமுகத்துக்கு வெளியே
கண்டெய்னரில் ஜன்னல் வெட்டிய அலுவலகம்.
ஏசி சொட்டும் தண்ணீருக்கு
ஒரு பெயின்ட் வாளி.
நாற்பது நாள் ஷட்டவுன் வேலைக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து இறங்குகிறார்கள்.
ஆளுக்கொரு வரி, என் அட்டவணையில்.

எனக்கு முன்னால் இருந்தவர்
பெயரையே சாவியாக வைத்திருந்தார்.
பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி.
மூன்றும் சேர்ந்தால் ஓர் ஆள்.
கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் எங்கள் ஆட்களின் பாஸ்போர்ட்டில்
குடும்பப் பெயர்க் கட்டம் காலி.
காலியை ஏற்காத படிவத்தில்
அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள்.
சாரம் கட்டும் சேவுகப்பெருமாளை
முகாமே கருமலை என்கிறது.
கருமலை செத்துப் பதினோரு வருடம்.
தினமும் காலை நாலரைக்கு
அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
பஸ்ஸில் ஏற்றுகிறார்கள்.

பிறந்த தேதியோ,
பாதிப் பேருக்கு ஜூன் முதல் வாரம்.
பள்ளியில் சேர்த்த அன்று
தலைமையாசிரியரின் பேனா பெற்ற பிள்ளைகள்.

அப்படி இரண்டு காசிலிங்கம்.
இருவருக்கும் அப்பா முனியாண்டி.
இருவருக்கும் ஐந்து, ஆறு, எண்பத்தெட்டு.
ஒருவர் வெல்டர், ஒருவர் ரிகர்.
இரண்டாமவரை அட்டவணை உள்ளே விடவில்லை,
ஏற்கனவே இருக்கிறாய் என்றது.
பழைய கிளார்க்
அவர் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தார்.
நாலு மாதம்
அந்தப் புள்ளிதான் சம்பளம் வாங்கியது.

எங்கள் எழுத்தில்
புள்ளி வைத்தால் உயிர் போய்விடும்,
மெய் மட்டும் மிஞ்சும்.
ஒரு வியாழக்கிழமை யாரோ புள்ளியை மறந்தார்கள்,
ரிகரின் ஓவர்டைம் வெல்டர் வீட்டுக்குப் போனது.
அங்கே அதில் ஃபிரிட்ஜ் வாங்கியாகிவிட்டது.

பாஸ்போர்ட் எண்ணைப் பார்த்தேன்.
புதுப்பித்தால் மாறுகிறது.
போன் எண்
புது ஆஃபர் வந்தால் மாறுகிறது.
ஆளைப் பற்றி ஏதாவது சொல்கிற எதுவும்
ஒருநாள் மாறத்தான் செய்கிறது.
எதுவும் சொல்லாத ஒன்று வேண்டியிருந்தது.

ஒரே வரி எழுதினேன்:
ஐடி, முழு எண், முதன்மைச் சாவி, தானே ஏறும்.
அதற்கு ஊர் கிடையாது.
எந்த ஏஜென்டுக்கு எவ்வளவு அழுதான் என்று தெரியாது.
ஒன்றிலிருந்து வேண்டாம், ஆயிரத்தொன்றிலிருந்து வை
என்றார் காலித் அல் பலூஷி,
கம்பெனி பெரிசாகத் தெரியட்டும்.
வைத்தேன்.

கடைசி ஆள் ஏறிய மாலையில்
அவரே வந்து நின்றார்.
யா ஜெனோவா, கடைசி எண் ஆயிரத்து முந்நூற்றுப் பதின்மூன்று.
அப்படியானால் ஆள் முந்நூற்றுப் பதின்மூன்று.
ஒருவன் எங்கே?
ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு எங்கே?
ஓடிவிட்டானா?

சொன்னேன்.
அந்த எண்ணைக் கேட்டு வாங்கினேன்,
சேமிக்கும் முன் நெட் அறுந்தது.
எழுதியதை எல்லாம் சர்வர் சுருட்டிக்கொண்டது,
எண்ணை மட்டும் திரும்ப வாங்கவில்லை.
அதே ஆள் மறுபடி ஏறினார், நாற்பத்தெட்டாக.
நாற்பத்தேழு என்று யாரும் இல்லை,
இருந்ததும் இல்லை.

தலையை ஆட்டினார், நம்பவில்லை.
இரவு டார்ச்சோடு முகாமுக்குப் போய்
கட்டில் கட்டிலாக எண்ணினாராம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஜோடிக் கால்கள்.
மறுநாள் என்னிடம்,
யாரையாவது அதில் போட்டுவிடு,
ஓட்டை தெரிகிறது என்றார்.
முடியாது என்றேன்.
முடியும். கையால் எழுதலாம், கணினி தடுக்காது.
ஆனால் புள்ளி வைத்தவரின் நாற்காலியில்
நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை நாலரை.
ஈரப் புழுக்கம், பஸ் விளக்கைச் சுற்றிப் பூச்சி.
பட்டியலைப் பார்க்காமல் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர்
நாற்பத்தாறு முடிந்து
வாய்த்தவறி நாற்பத்தேழையும் கூப்பிட்டார்.

வரிசையின் வாலிலிருந்து
வந்தாச்சு என்றது ஒரு காசிலிங்கம்.
எந்தக் காசிலிங்கம் என்று
இருட்டில் தெரியவில்லை.