நூற்றுப் பன்னிரண்டாவது

நெருப்புப்பெட்டியின் வாயில்
குறுக்கே ஒட்டியிருந்த காகிதத் துண்டு.
இரண்டு சதம். தேசிக்காய்ப் பச்சை.
முதல் குச்சி வேண்டுமென்றால்
அதைக் கிழித்தே ஆகவேண்டும்.
வரி வாங்கியாயிற்று என்பதற்கு
கிழிசல்தான் சாட்சி.

ஆகையால் என் கொப்பியிலுள்ள நூற்றுப் பதினொன்றும்
பாதிகள்.
ஒன்றில் சுருட்டுக் கறை.
ஒன்றின் முதுகில் பென்சிலால் ஒரு கூட்டல்,
விடை பிழை.
ஆர் கிழித்தது, எந்த அடுப்புக்கு, எந்த விளக்குக்கு,
ஒன்றும் தெரியாது.

பாசையூரிலிருந்து எமிலியானுஸ் போன் எடுத்தார்.
"முழுசா ஒண்டு கிடக்கு. ஐயாயிரம்."

ஐஸ் உடைக்கும் மெசினை நிறுத்திவிட்டு
ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு
தகரப்பேணியைத் திறந்தார்.
ஓடு மாற்றுகிறபோது
வளைக்கும் சுவருக்கும் இடையில் அகப்பட்டதாம்.
முத்திரையில் ஒரு கீறல் இல்லை.
குலுக்கினேன்.
உள்ளே குச்சிகள் பேசின.

காசை எண்ணத் தொடங்கினேன்.
அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தொண்ணூற்றொண்டில
ஒரு குச்சியை பிளேட்டால நாலாப் பிளந்தனாங்கள்.
அம்மா சிரட்டையோட நாலு வீடு போவா,
தணல் கேட்டு.
மூண்டாம் வீட்டில நாய் கடிச்சது.
இது அவவின்ர தலைக்கு மேலயே
கிடந்திருக்கு, பாருமன்."

பிறகு,
"ஒருக்கா உரசிப் பாப்பமே?"

கிழிந்தால் ஐம்பது ரூபாய்கூடப் போகாது,
சொன்னேன்.
தெரியும் என்றார்.
பெருவிரல் நகம் முத்திரையின் நடுவில் நின்றது.
மறிக்க எனக்கு ஒரு நொடி இருந்தது.
மறிக்கவில்லை. ஏனென்று இன்னும் யோசிக்கிறேன்.

முதல் குச்சியின் தலை உதிர்ந்தது.
இரண்டாவதும்.
ஏழு குச்சிகள்
ஐஸ் தண்ணீர் ஓடிய சீமெந்துத் தரையில்.
எட்டாவது சீறிற்று.
அவர் எதையும் கொளுத்தவில்லை.
விரல் சுடும்வரை பிடித்திருந்தார்,
உதறினார்,
மெசினைத் திரும்பப் போட்டார்.
அந்தச் சத்தத்துக்கு மேலால்
"ஐம்பதைத் தாரும்" என்று கத்தினார்.

இரவு கொப்பியில் ஒட்டினேன்,
இரண்டு பாதியையும், இடையில் ஒரு நூல் இடைவெளி விட்டு.
கீழே எழுதினேன்:
கிழித்தவர், எமிலியானுஸ், பாசையூர்.
புரட்டிப் பார்த்தேன்.
மற்ற நூற்றுப் பதினொன்றுக்குக் கீழும்
அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.
இதுவரை அப்படி ஒரு இடம் இருப்பதே
என் கண்ணில் படவில்லை.