ஐந்தாவது கட்டி

சில்லுச் சத்தம் கேட்காததால்தான் விழித்தேன்.
இரண்டு மாதமாய் என் நித்திரையைத் தின்ற சத்தம்.
கூட்டின் கதவு ஒரு விரற்கடை திறந்து கிடந்தது,
மரத்தூளில் ஒரு சின்னக் குழி.
சூடு மிச்சமிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.
இல்லை.

தவேந்திரன் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
சப்பாத்துப் பெட்டியில் துளை போட்டு
மடியில் வைத்துக் கொண்டுவந்த ஹாம்ஸ்டர்.
நிறத்தைப் பார்த்துத் தொதல் என்று பெயர் வைத்தவள் சஞ்சிதா.
வீட்டில் இருக்கிற எலி போதாதென்று
காசு கொடுத்தும் ஒன்றா என்று கேட்டவள் நான்.

அவளை எழுப்பவில்லை.
குசினிக்கு ஓடினேன்.
வெள்ளிக்கிழமை வைத்த பாசாணக் கட்டிகள்,
சவர்க்காரத் துண்டுபோல நீலமாய்.
அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒன்று,
காஸ் சிலிண்டரடியில் ஒன்று,
தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில்,
பிரிட்ஜின் பின்னால், மோட்டரின் வெதுவெதுப்பில்.
வைத்தது ஐந்து.
கையில் நாலு.
ஐந்தாவதை எங்கே வைத்தேன்?

"கதவப் பூட்டாம விட்டது ஆரு?"
தவேந்திரன் பிறகு கேட்கவில்லை. முழங்காலில் நின்றார்.
ஒவ்வொரு அறைக் கதவடியிலும் துவாயைச் சுருட்டித் திணித்தார்.
குளிக்கிற வாளியை ஹோலின் நடுவில் வைத்து
உள்ளே பழைய சாரனை மெத்தையாய் மடித்துப் போட்டு
சஞ்சிதாவின் புத்தகங்களைப் படியாய் அடுக்கினார்:
கணிதம், சுற்றாடல், சமயம்.
சமயத்திலிருந்து வாளி விளிம்புக்கு அடிமட்டம்.
அடியில் ஒரு கைப்பிடி வறுத்த கச்சான்.
நான் நிலமெல்லாம் கோதுமை மாவைத் தூவினேன்,
கிலோ என்ன விலை என்று ஒருமுறை நினைத்து.

லைற்றை நிறுத்தினோம்.
மூன்று பேரும் சுவரில் சாய்ந்து இருந்தோம்.
வெளியே கச்சான் காற்று தகரப் படலையைத் தட்டியது,
கல்லடிப் பாலப் பக்கம் ஒரு லொறி.
இவருடைய தோளும் என்னுடைய தோளும்
இப்படி முட்டி எத்தனை நாள்.
அதையும் நினைக்க விடாமல்
ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில்
ஏதோ சுரண்டியது.

மூன்று மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால்
மாவில் இரண்டு தடங்கள்.
சஞ்சிதா குப்புறப் படுத்து வாசித்தாள்.
"நடுவில கோடு இழுத்துப் போறது மத்த எலி.
கோடு இல்லாதது தொதல்.
ரெண்டும் ஒரே வழியாத்தான் போயிருக்குது அம்மா."
பிறகு, மாவிலிருந்து முகத்தை எடுக்காமல்,
"அதுக்கு மட்டும் ஏன் மருந்து வெச்சிங்க?"
அது எலி, என்றேன்.
"அப்ப தொதல்?"
எனக்கு வால் என்ற ஒரு சொல்தான் வந்தது.
வெளியே விடவில்லை.

நாலு மணி தாண்டி
வாளிக்குள் தொப்பென்று ஒரு சத்தம்.
இரண்டு கன்னமும் புடைக்க, கச்சான் அடைத்து,
தப்பி ஓடியதே நாங்கள்தான் என்பதுபோல
எங்களைப் பார்த்தது.
இவர் சிரித்தார். நானும்.
சஞ்சிதா சிரிக்கவில்லை, அதன் வாயைத்தான் பார்த்தாள்,
நீலம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று.

மூன்று நாள் கவனியுங்கள், சோர்ந்தால் உடனே கொண்டு வாருங்கள்
என்றார் மிருக வைத்தியர் தொலைபேசியில்.
சோரவில்லை.
நாலாம் நாள் இரவும் சில்லு சுற்றியது, கறக் கறக் என்று,
நான் திட்டவில்லை.

சீலிங்கில்தான் சத்தம் இல்லை.

இப்போது படுக்கப் போகுமுன் சஞ்சிதா
குழாய் நுழைகிற ஓட்டை வாயில்
மூன்று கச்சான் வைக்கிறாள்.
காலையில் எண்ணுகிறாள்.
மூன்று.
அவள் பள்ளிக்கூடம் போனபின்
நானும் குனிந்து எண்ணுகிறேன்.