மைனஸ் ஐம்பது

வீடு றமணீதரனுக்கு, படகு எனக்கு
என்று எழுதித் தந்தவர்கள்
படகுக்குக் குளிரும் என்று எழுதவில்லை.

ஒரில்லியா. ஒக்டோபர் கடைசிச் சனி.
கடையின் ஒன்பதாம் வரிசையில் நிற்கிறேன்.
பச்சை ஒரு பக்கம், இளஞ்சிவப்பு ஒரு பக்கம்,
நடுவில் கார்க் கண்ணாடி கழுவும் நீலம்,
தன்னை ஏன் இங்கே வைத்தார்கள் என்று தெரியாமல்.

பச்சை மலிவு. இனிக்குமாம்.
சிந்தினால் நாய் நக்கும்,
நக்கிய நாய் மூன்றாம் நாள் எழும்பாது.
வசந்தத்தில் படகின் பின்வாயால் ஏரிக்குள் இறங்கும்;
இந்த ஊர்க் கேத்தில்கள் நிரம்புவதும் அதே ஏரியால்தான்.
இனிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.
பச்சையைத் திரும்ப வைக்கிறேன்.

இளஞ்சிவப்பின் வயிற்றில் கொட்டை எழுத்தில்
மைனஸ் ஐம்பது.
"அதை அப்படியே நம்பிவிடாதே,"
கடைக்காரி டொரீன், நகக்கண்ணில் கிரீஸ்.
"ஐம்பதில் குழாய் வெடிக்காது, அவ்வளவுதான்.
பன்னிரண்டிலேயே கூழாகத் தொடங்கிவிடும்.
ஆகட்டும். கூழுக்கு இரும்பை உடைக்கத் தெரியாது.
ஆனால் உள்ளே கிடக்கும் தண்ணீரை முதலில் வடி.
வடிக்காமல் ஊற்றினால்
நீ காசு கொடுத்தது ஐம்பதுக்கு,
கிடைப்பது இருபது, சிலவேளை பத்து."

எஞ்சின் எந்த வகை? வெந்நீர்த் தொட்டி உண்டா? கழிவறை?
அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.
நான் முன்னால் இருந்து
தொப்பியைப் பிடித்துக்கொண்டு போனவள்.

போனை எடுக்கிறேன்.
பெயர்வரை போய், வைக்கிறேன்.
"ஆறு கலன் தாங்கோ" என்று தமிழில் சொல்லி,
பிறகு விரல் காட்டுகிறேன்.

கரையில் மரக்கட்டைகளின் மேல் படகு.
அடைப்பைத் திருகினால் ஒன்றும் வரவில்லை.
வடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.
கம்பி விட்டுக் குத்தியதும்
துருவும் மணலும் நகமளவு ஒரு சிப்பியும்
அவற்றின் பின்னால், கோடை முழுவதும்.
ஒரு வாளி. இன்னும் அரை வாளி.

பிறகு குழாயைக் கலனுக்குள் விட்டு
சாவியைத் திருப்பினேன்.
முதலாவதைக் குடித்தது. இரண்டாவது. மூன்றாவது.
பின்வாயில் வெறும் தண்ணீர்,
பிறகு கழுவிய அரிசிநீர் போல் ஒன்று.
ஐந்தாவதில் இருமி,
நான் வைத்த வாளிக்குள்
நல்ல இளஞ்சிவப்பாய்த் துப்பியது.
தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பு.
நிறுத்தினேன்.

மிஞ்சிய ஆறாவது கலனைக்
காரின் முன் இருக்கையில் வைத்தேன்.
பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தியது,
போட்டுவிட்டேன்.