முப்பத்தொன்று, சனிக்கிழமை

குன்னூர் பெட்ஃபோர்டில், பேக்கரிக்கு மேல்மாடி.
ஆடிட்டரிடம் கணக்கெழுதுகிறேன்.
கட்சிக்காரர்களில் தேயிலை ஏஜெண்டுகள் உண்டு,
வட்டிக்கடை உண்டு,
பதினோரு பேர் கொண்ட யூத சபை ஒன்றும் உண்டு.

பொருளாளர் தாந்தேகர்.
அருவங்காடு வெடிமருந்து ஆலையில் முப்பது வருடம்
எதுவும் வெடிக்காமல் பார்த்துக்கொண்டவர்.
பிப்ரவரியிலேயே ஒரு ஷூ பெட்டியோடு படியேறுவார்.
உள்ளே முழுக்க அட்டைகள்.
ஓய்வுநாளில் அவர்கள் எழுதக் கூடாது, காசைத் தொடக் கூடாது.
ஓரம் வெட்டிக் காது விட்ட அட்டை அது:
ஆயிரம் என்றால் இந்தக் காதை மடி,
எண்ணூறு என்றால் அந்தக் காதை.
மடிப்பை எண்ணித் தொகையாக்குவது என் பாடு.

ஏன் சார், எல்லாமே ஆயிரத்து எண்ணூறு,
இல்லாவிட்டால் மூவாயிரத்து அறுநூறு?
"பதினெட்டு, மாதி மேடம். எங்கள் எழுத்துக் கணக்கில்
அது உயிர்."
பேரேட்டில் அப்படி ஒரு தலைப்பு இல்லை.
'நன்கொடை, பொது' என்று எழுதிக்கொண்டேன்.

பத்து ஆண்கள் சேராத நாளில்
தொழுகையில் சில வரிகளை விட்டுவிடுவார்களாம்.
கேட்டு வாங்காமல் அவர்களுக்குக் கிடைக்கிற
ஒரே வரிவிலக்கு அதுதான்.
மற்றதற்கு நான் இருக்கிறேன், கறாராக:
ரொக்கம் இரண்டாயிரத்தைத் தாண்டினால் எண்பது ஜி கிடையாது.
டயாலிசிஸ் நிதிக்குப் போட்டால் பாதிக்கு விலக்கு.
ஜெபக்கூடத்துத் தகரத்துக்குப் போட்டால்
பைசா திரும்பாது.
தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.
பணத்தைக் கடைசி நாள் வரை ஆறப்போடுவது மட்டும்
எல்லா மதத்துக்கும் பொது.

இந்த வருடம் மார்ச் முப்பத்தொன்று
சனிக்கிழமையில் வந்து விழுந்தது.

மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் போனைத் தொடுவார்கள்.
தொடாத போனுக்கு நான் எப்படி அடிப்பது?
லேப்டாப்பைச் சால்வையில் சுற்றிக்கொண்டு
வண்டிச்சோலைத் திருப்பத்துக்கு நடந்தேன்.

ஜெபக்கூடத்து வாசலில் பதினோரு பேரும்
அண்ணாந்து நிற்கிறார்கள்.
மேலே வெறும் வெள்ளை.
மஞ்சு இறங்கி சில்வர் ஓக் மரமே பாதிதான் இருந்தது.
"காலண்டரில் ஏழு ஐந்து போட்டிருக்கிறது,"
கோவையில் படிக்கிற ஏலி முனகினான்.
"காலண்டர் சிவகாசியில் அச்சானது,"
தாந்தேகர் அசையவில்லை.

எட்டு.
எட்டரை.
ரிவ்கா டீச்சர் என் கையில் பிஸ்கட் திணித்தாள்.
ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால்
லாம்ஸ் ராக் பக்கம் திரை கிழிந்தது.
ஒன்று.
அதோ இரண்டு.
"அது டீ ஃபேக்டரி பல்பு."
தள்ளுபடி.
மறுபடி இரண்டு.
அப்புறம் எதுவுமே இல்லை, வெகுநேரம்,
யாரோ தும்மினார்கள்,
மூன்று.

பதினோரு போன் ஒரே நேரத்தில் எரிந்ததில்
எல்லார் முகமும் நீலமாய்த் தெரிந்தது.
சர்வர் சுற்றியது. ஓடிபி வரவில்லை.
ஏர்டெல்லுக்காக ஒருவர் மதில்மேல் ஏறினார்.
பதினொன்று நாற்பத்தேழுக்குக் கடைசித் தொகை விழுந்தது.

பட்டியலைப் பார்த்தேன்.
பதினொன்றில் ஒன்பது, தகரக் கூரைக்கு.
சார், நான் படித்துப் படித்துச் சொன்னேனே?
ஏலி சிரித்தான்: "நான் புதிய வரிமுறை மேடம்,
எனக்கு எங்கே போட்டாலும் ஒன்றுதான்."
ரிவ்கா டீச்சர் மட்டும் கொஞ்சம் சங்கடப்பட்டாள்,
என் உழைப்பை வீணடித்தது போல.
"போன வாரம் வேதச் சுருள் வைக்கிற அலமாரிமேல் சொட்டியது.
மழைக்கு எண்பது ஜி தெரியாதே, கண்ணு."

திங்களன்று ரசீது போட்டேன்.
'வரிச்சலுகைக்கு உரியதல்ல'
ரப்பர் முத்திரையை ஒன்பது முறை குத்த வேண்டும்.
மை காய்ந்திருந்தது.
ஒவ்வொன்றுக்கும் வாயால் ஊதி ஊதி
ஈரமாக்கிக் குத்தினேன்.