நான்காம் பக்கம்

ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைக்
காலியாக விட்டிருந்தார் பத்திர எழுத்தர்.
'வீட்டோடு போவது' என்று ஒரு பத்தி,
'போகாதது' என்று ஒன்று.
நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

கண்டனூர் வீட்டை ஓட்டலாக்கப் போகிறவர்
ஈரோட்டுக்காரர். நல்ல மனிதர்.
செருப்பைத் தெருவிலேயே கழற்றினார்.
கதவு இருக்கட்டும், தூண் இருக்கட்டும் என்றார்,
ஏதோ தூணை நாங்கள்
டெம்போவில் ஏற்றிவிடுவோம் போல.

"ஆணி அடித்தது வீட்டுக்கு,
அடிக்காதது நமக்கு"
சட்டம் போட்டார் இவர்.
பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து
மூத்தவர் இருமினார்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

சட்டம் மதியத்தைத் தாண்டவில்லை.
ஊஞ்சலில் கொக்கி வீட்டுக்கு, பலகை எங்களுக்கு,
சங்கிலி?
நிலைக்கண்ணாடி ஆணியிலும் இல்லை, தரையிலும் இல்லை,
பழைய மின்கம்பி ஒன்றில் சாய்ந்து தொங்கியது.
இரும்புப் பெட்டகம் ஆணியே காணாதது,
ஆனால் எந்த வாசலிலும் நுழையாது.
அது வந்து உட்கார்ந்த பிறகுதான்
சுவரை எழுப்பியிருப்பார்கள்.
கிணற்று மோட்டாருக்கு நட்டு உண்டு, ஆணி இல்லை.
அதற்கே ஒரு மணி நேரம்.

என் சீர் சாமானில் தகராறு இல்லை.
கரண்டி வரைக்கும் அப்பச்சியின் இனிஷியல் வெட்டியிருக்கிறது.
கல்யாணத்தன்று வளவில் பரப்பி
பட்டியல் வாசித்து இறக்கியவை.
அதே வளவில் வாசித்து ஏற்றினோம்.
தவலை இரண்டு குறைந்தது.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
வழக்கு நடந்த வருஷங்களில்
நானே விற்றது.

கடைசியாக, இரண்டாங்கட்டின் குறுக்கே நின்ற
பிளைவுட்டைத் தட்டிப் பார்த்து
"இது வேண்டாங்க, எடுத்திருங்க" என்றார் ஈரோட்டுக்காரர்.
பதினோரு வருஷம் முன்னால்
பாதிச் சமையல்கட்டு அவர்களுக்கு, பாதி எங்களுக்கு என்று
கோர்ட் சொன்னதும்
ஒரே நாளில் தச்சர் நிறுத்தியது.
உடம்பெல்லாம் ஆணி.
இவர் சட்டப்படி அதுவும் வீட்டுச் சொத்து.

அதில் ஓர் ஆணி என்னுடையது.
காலண்டர் மாட்ட,
நீளம் பார்க்காமல்,
குழவிக்கல்லால் அடித்தது.

பலகை சாய்ந்தபோதுதான் அந்தப் பக்கம் பார்த்தேன்.
என் ஆணியின் கூர்
விரற்கடை அளவு நீட்டிக்கொண்டிருக்க
அதில் ஒரு மஞ்சப்பை.
ஓரகத்தி சாலாட்சி அவசரமாகக் கழற்றினாள்.
மாத்திரை அட்டைகள் சரிந்தன,
சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின்.
அவளுக்குச் சர்க்கரை என்று
எனக்குத் தெரியாது.

"கூர் கையைக் கிழிச்சிருக்குமே" என்றேன்.
பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு
இதுவாகவா இருக்கவேண்டும்.
"மொத நாளே கிழிச்சுச்சு.
அப்புறம், ஒசரம் தோதா இருக்கேன்னு
விட்டுட்டேன்."

நடக்க நடக்க மினுங்குகிற ஆத்தங்குடிக் கல்.
பலகை நின்ற இடம் மட்டும்
சுவரிலிருந்து சுவர் வரை
விரலகலத்துக்கு மங்கிக் கிடந்தது.
"இது என்னங்க கோடு?" குனிந்தார் வாங்குகிறவர்.
மூத்தவர் இருமினார்.
இவர் ஓட்டைப் பார்த்தார்.
"ஆள் நடந்தாச் சரியாயிரும்" என்றாள் சாலாட்சி.

எந்தப் பத்தியிலும் நான் அதை எழுதவில்லை.
மோட்டாரை என்ன செய்வது என்று
இவர் மறுபடியும் ஆரம்பித்தார்.